எட்வர்ட் ஸ்டைக்கன்: மாலுமியைப் படம் பிடித்த முதியவர்

போர்க்கப்பலின் படத்தைக் காணாதவர் நம்மில் எவரும் இரார். நாட்காட்டியிலும் செய்தித்தாளிலும் பிள்ளைகளின் பாடநூலிலும் அது கம்பீரமாக நிற்கும். பீரங்கி தெரியும், கொடி தெரியும், அலையைக் கிழித்துச் செல்லும் முனை தெரியும். ஆயின் உள்ளே எண்ணெய் படிந்த கையோடு எந்திரத்தைக் காத்து நிற்பவனுடைய முகம் தெரிவதில்லை. நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றியோ சொல்லவே வேண்டா. படத்தில் நாம் காண்பது நீர்மேல் மிதக்கும் ஒரு கரிய முதுகும், அதன் நடுவே எழுந்து நிற்கும் ஒரு கூண்டுமே. அதனுள்ளே எழுபது எண்பது பேர் உண்டு, உறங்கி, உழைத்து, அஞ்சி, சிரித்து வாழ்கின்றனர் என்பதை அப்படம் நமக்குச் சொல்லாது.

அந்த இருட்டுக் குழாய்க்குள்ளே காமிராவை அனுப்பி, எந்திரத்தை விடுத்து மனிதனைப் படம் பிடித்து வருமாறு பணித்த ஒருவர் இருந்தார். அவரே எட்வர்ட் ஸ்டைக்கன். புகைப்படத்தைக் கலை என்று உலகம் ஒப்புக்கொள்ளுமாறு செய்த சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அவர் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றையெல்லாம் இங்கு விரிக்க இம்மலரில் இடமில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஓய்வு பெற்று வீட்டுத் தோட்டத்தில் பூச்செடி வளர்க்க வேண்டிய வயதில் அவர் ஏன் கடற்படைச் சீருடை அணிந்தார், அணிந்து என்ன செய்தார், செய்ததைப் பற்றிப் பின்னர் என்ன கருதினார் என்பனவற்றையே நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

லக்ஸம்பர்க் என்பது பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்றுக்கும் இடையே கிடக்கும் மிகச் சிறிய நாடு. அங்கே பிவாஞ்ச் என்னும் சிற்றூரில் 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள் ஸ்டைக்கன் பிறந்தார். பிழைப்பைத் தேடித் தந்தையார் முதலில் அமெரிக்கா சென்றார். பின்னர் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயார் கப்பலேறினார். ஊரை விட்டுப் புறப்பட்ட குடும்பத்தின் கதை நம் காலனிக்குப் புதிதன்று. மிச்சிகன் மாநிலத்து ஹான்காக் என்னும் ஊரில் தாமிரச் சுரங்கத்தில் தந்தையார் உழைத்தார். உழைத்து உடல் நலிந்தார். அதன்பின் குடும்ப பாரம் தாயாரின் தோளில் விழுந்தது. மாரி ஸ்டைக்கன் என்னும் அவ்வம்மையார் பெண்களுக்கான தொப்பிகள் செய்து விற்கும் கடை வைத்துக் கணவரையும் மக்கள் இருவரையும் காத்தார்.

அம்மையாரைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஒரு நாள் சிறுவன் எட்வர்ட், தெருவில் நின்ற யூதச் சிறுவன் ஒருவனை அவன் இனத்தைக் குறித்த இழிசொல்லால் ஏசிக்கொண்டே கடைக்குள் நுழைந்தான். தாயார் கடைக் கதவைத் தாழிட்டார். வியாபாரம் நின்றாலும் நிற்கட்டும் என்று மகனை மாடிக்கு அழைத்துச் சென்றார். எல்லா மக்களும் ஒரே நிறையினர் என்பதை நெடுநேரம் பொறுமையோடு எடுத்துரைத்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் தாம் அமைத்த பெருங்கண்காட்சிக்கு வித்து அந்த மாடியிலேயே விழுந்தது என்று ஸ்டைக்கன் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார்.

1889இல் குடும்பம் மில்வாக்கி நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்தாம் வயதில் எட்வர்ட் ஒரு கல்லச்சுக் கூடத்தில் நான்காண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு, பிறர் கைப்பட்ட பழைய கோடாக் பெட்டிக் காமிரா ஒன்றை வாங்கினார். முதற் சுருளில் 50 படங்கள் எடுத்தார். கழுவிப் பார்த்தபோது ஒன்றே ஒன்று தேறியது. பியானோ வாசிக்கும் தங்கையின் படம் அது. தந்தையார் காசு வீணாயிற்று என்றார். அந்த ஒரு படத்தின் அழகு மற்ற 49இன் தோல்விக்கும் ஈடு என்பது தாயாரின் தீர்ப்பு. தாயார் தந்தையாரை ஒத்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இராது. அச்சுக்கூடத்துக்கும் அந்தக் காமிரா பயன்பட்டது. பன்றி இறைச்சி வணிகரின் விளம்பரத்திற்குப் பழைய மர அச்சுப் படங்களையே போட்டு வந்தவர்களிடம், உயிருள்ள பன்றியைப் படமெடுத்து அதைப் பார்த்து வரையலாமே என்று பையன் யோசனை சொன்னார். வணிகர் மகிழ்ந்தனர். உலகப் புகழ் பெற்ற கலைஞர் தொடங்கிய இடம் பன்றிக் கொட்டில் என்பதை அறிந்தபோது எனக்கு அவர்பால் மதிப்பு மிகுந்தது.

அடுத்த பதினான்கு ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1900இல் பாரிசுக்குப் புறப்பட்ட வழியில் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் என்பவரைச் சந்தித்தார். புகைப்படக் கலைக்காகவே உயிர் வாழ்ந்த அப்பெரியார், இளைஞரின் படங்கள் மூன்றினைப் படம் ஐந்து டாலர் வீதம் வாங்கினார். பாரிசில் ரொடேன் என்னும் மாபெரும் சிற்பியைப் படமெடுத்தார். 1903இல் மார்கன் என்னும் கோடீசுவரரைச் சில நிமிடங்களில் படமெடுத்தார். அப்படத்தில் நாற்காலியின் கைப்பிடி ஒளியில் மின்னி, செல்வர் கையில் உருவிய கத்தி இருப்பது போலத் தோன்றும். 1905இல் இருவரும் நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் 291ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு கலைக்கூடம் திறந்தனர். அக்காலத்தில் அவர் எடுத்த படங்கள் பனிமூட்டத்தில் மங்கிய ஓவியங்கள் போன்றவை. அவற்றுள் ஒன்றாகிய குளத்து நிலவுக் காட்சி 2006இல் 29 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஐந்து டாலருக்கு விற்றவர் அவர்!

1914இல் மூண்ட முதல் உலகப்போர் அந்த மங்கலைக் கலைத்தது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஸ்டைக்கன் படையிற் சேர்ந்தார். பிரான்சில் அமெரிக்க விமானப் பிரிவின் புகைப்படத் துறைக்குத் தலைவரானார். அசையும் விமானத்திலிருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படமெடுக்கும் வேலையில் பனிமூட்ட அழகுக்கு இடமில்லை. ஒரு கோடு மங்கினால் ஒரு பீரங்கி கண்ணுக்குத் தப்பிவிடும். கூர்மை, துல்லியம் என்பனவற்றை அவர் அங்கே கற்றார். லெப்டினன்ட் கர்னல் பதவியோடு விடுபட்டார். பிரான்சு அரசு விருதும் அளித்தது.

ஆயினும் அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. தம் துறை எடுத்த படத்தைப் பார்த்துத்தான் பீரங்கிப் படை குறி வைக்கிறது. குறி வைத்த இடத்தில் மனிதர் மடிகின்றனர். காமிராவை மட்டுமே ஏந்தியவன் கொலையில் பங்கில்லாதவன் என்று எண்ணித் தப்ப அவரால் முடியவில்லை. போர் முடிந்த பின்னர் நெடுநாள் மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தார். 1923இல் பிரான்சில் வூலாஞ்சி என்னும் ஊரில் தம் வீட்டில் எஞ்சியிருந்த ஓவியங்களைத் தோட்டக்காரரோடு சேர்ந்து தீயிட்டுக் கொளுத்தினார். இனித் தூரிகை இல்லை, காமிரா ஒன்றே என்பது முடிவாயிற்று. ஒரு வெள்ளைக் கோப்பையையும் தட்டையும் வைத்துக்கொண்டு, ஒளியின் ஒவ்வொரு படியையும் அறிய ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை அதையே படமெடுத்தார். புகழ் பெற்ற நாற்பது வயதுக்காரர் தம்மைத் தாமே மீண்டும் தொடக்கப் பள்ளியிற் சேர்த்துக்கொண்டது போன்ற செயல் இது.

1923 முதல் 1937 வரை நியூயார்க்கில் வோக், வானிட்டி ஃபேர் என்னும் நாகரிக ஏடுகளுக்குத் தலைமைப் புகைப்படக்காரராக இருந்தார். நடிகையரும் செல்வச் சீமாட்டிகளும் அவர் காமிராவின் முன் வரிசையாக நின்றனர். பணம் மிக வந்தது. அந்த ஆண்டுகளின் படங்களைப் போற்றுவோர் உளர். எனக்கு அவை கடைச் சாளரத்துப் பொம்மைகளாகவே தோன்றுகின்றன. அவருக்கும் சலித்திருக்க வேண்டும். 1938ஆம் ஆண்டின் முதல் நாளில் தொழிற்கூடத்தை மூடிவிட்டுக் கனெக்டிகட் மாநிலத்துப் பண்ணை வீட்டுக்குப் போனார். டெல்ஃபினியம் என்னும் நீலப் பூச்செடி வகையைக் கலப்பினஞ் செய்து வளர்ப்பதில் அவர் வல்லவர். 1936இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அவர் பூக்களையே ஒரு கண்காட்சியாக வைத்திருந்தது.

அந்தத் தோட்டத்தில் இருந்தவரை மீண்டும் போர் அழைத்தது. 1941 டிசம்பரில் பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. ஸ்டைக்கனுக்கு அப்போது வயது 62. முதற் போரில் தம்மை வருத்திய எண்ணமே இப்போது வேறு வடிவில் எழுந்தது. போரின் உண்மையான முகத்தைப் படமாக்கி உலகின் கண்முன் வைக்க முடிந்தால், போரெனும் பேயை ஓட்டுவதற்கு அது சிறிதேனும் உதவாதா என்று அவர் கருதினார். தரைப்படையின் வாயிலில் வயதைக் காட்டி மறுத்துவிட்டனர். நம் அலுவலகங்களில் 60 முடிந்தவுடன் மாலை போட்டு வழியனுப்பி விடுகிறோம். அதற்கு மேல் ஒருவர் வேலை கேட்டு வந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் பார்த்திருப்பர்.

கடற்படையில் ஆர்தர் ராட்ஃபோர்ட் என்னும் அதிகாரி வேறு விதமாகச் சிந்தித்தார். விமானிகளைப் பயிற்றும் பொறுப்பு அவருடையது. ஆண்டுக்கு 30,000 விமானிகள் தேவை. இளைஞரைக் கடற்படை விமானப் பிரிவின் பக்கம் ஈர்க்க நல்ல படங்கள் தேவை. ஆகவே வயது விதியைத் தளர்த்தி, 1942 சனவரியில் ஸ்டைக்கனை லெப்டினன்ட் கமாண்டராகச் சேர்த்துக்கொண்டனர். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடற்படை அவரை அழைத்தது போரை ஒழிக்கவன்று. போருக்கு ஆள் சேர்க்க. அவர் உள்ளே சென்றது ஆள் சேர்க்கவன்று; போரைக் காட்ட. இரண்டு நோக்கங்களும் ஒரே சீருடைக்குள் நான்காண்டு குடியிருந்தன.

அவர் சிறியதொரு குழுவை அமைத்தார். வெயின் மில்லர், ஹொரேஸ் பிரிஸ்டல், சார்லஸ் கெர்லி, சார்லஸ் ஃபென்னோ ஜேக்கப்ஸ், விக்டர் யோர்கன்சன், டுவைட் லாங் என்னும் சிலர் முதலில் வந்தனர். பின்னர் வேறு சிலர் சேர்ந்தனர். யூஜீன் ஸ்மித் என்னும் இளைஞரையும் சேர்த்துக்கொள்ள ஸ்டைக்கன் விரும்பினார். தேர்வுக் குழுவினர் அவர் கல்லூரிப் படிப்பின் குறைவையும் உடற்குறையையும் காட்டித் தள்ளிவிட்டனர். தம் துறையில் மேதை என்று அவர்களே ஒப்புக்கொண்டு, ஆனால் விதிக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார்களாம். மெட்ரிகுலேஷனோடு நின்று, ரயில்வேயில் இருபது ஆண்டு பேனா பிடித்த நான் இவ்விடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே செல்கிறேன். ஸ்மித்தைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

தம் குழுவினர்க்கு ஸ்டைக்கன் இட்ட கட்டளை எளியது. அதிகாரிகள் மனம் குளிரச் சில படங்களை எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மற்ற நேரமெல்லாம் மனிதனையே படமெடுங்கள் என்றார். இன்றைய கப்பலும் விமானமும் நாளை பழைய இரும்பாகிவிடும். அவற்றை இயக்கும் எளிய மனிதனுடைய உழைப்பும் ஏக்கமும் கனவும் பழையன ஆவதில்லை என்பது அவர் கொள்கை. எங்கு வேண்டுமாயினும் செல்ல அவர்களுக்கு ஆணைச் சீட்டு இருந்தது. எடுத்த சுருள்கள் வாஷிங்டனுக்கு வந்து சேரும். அங்கே அவர் மேற்பார்வையில் கழுவி, அச்சிட்டு, தேர்ந்தெடுப்பர். தணிக்கையைக் கடந்த பின்னரே அவை வெளியுலகைக் காணும்.

இது எவ்வளவு புதிய நோக்கு என்பது ரயில்வேக்காரருக்கு உடனே விளங்கும். பழைய நீராவி எஞ்சின்களின் படங்கள் நம் அலுவலகச் சுவர்களில் இன்றும் தொங்குகின்றன. எஞ்சினின் எண் தெரியும். பித்தளைப் பட்டயம் தெரியும். முன்னே நாற்காலியில் துரைமார் அமர்ந்திருப்பர். கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் படத்தின் ஓரத்தில் அரை உடம்பாக நிற்பார், அல்லது இரார். போரில் மாண்டவனின் உருவைக் கல்லிற் பொறித்து வழிபட்ட மரபு நம்முடையது; ஆயினும் படத்தில் எஞ்சினை மட்டும் வைத்துவிட்டு ஆளை வெட்டிவிடும் பழக்கம் நமக்கும் வந்துவிட்டது.

1943ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நீர்மூழ்கித் தளத்தில் சீரோ என்னும் புதிய கப்பல் போர்முனைக்குப் புறப்படக் காத்திருந்தது. அதனுள் ஸ்டைக்கன் குழுவைச் சேர்ந்த ஜேக்கப்ஸ் காமிராவோடு இறங்கினார்.

அவ்வகைக் கப்பலின் நீளம் ஏறத்தாழ 310 அடி. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு நீண்ட கப்பல்தான். ஆனால் ஆட்கள் வாழும் உட்குழாயின் விட்டம் 16 அடியே. அதிலும் தரைக்குக் கீழே மின்கலங்கள். பக்கங்களில் குழாய்கள், வால்வுகள், கம்பிகள், அளவு காட்டும் கண்ணாடி முகங்கள். முன்னே ஆறும் பின்னே நான்குமாக டார்ப்பீடோ ஏவும் குழல்கள் பத்து. ஒவ்வொரு டார்ப்பீடோவும் 20 அடிக்கு மேல் நீளமும் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையும் உள்ளது. அவற்றை அடுக்கி வைத்த அறையிலேயே, அவற்றின் மேலும் பக்கத்திலும் தொங்கும் படுக்கைகளில் மாலுமிகள் உறங்குவர். படுக்கைகள் எல்லார்க்கும் போதா. ஒருவன் எழுந்து முறைவேலைக்குச் சென்றவுடன் அந்தச் சூட்டிலேயே இன்னொருவன் படுப்பான். எந்திர அறையில் நான்கு டீசல் எந்திரங்கள் முழங்கும்போது சைகையாற்றான் பேச்சு. இங்கு ஓர் இடைச்செய்தி: ஃபேர்பேங்க்ஸ் மோர்ஸ் நிறுவனம் நீர்மூழ்கிகளுக்காகச் செய்த டீசல் எந்திர வகையே போருக்குப் பின் அமெரிக்க இருப்புப்பாதைகளில் ரயில்களையும் இழுத்தது.

இத்தகைய இடத்தில் படமெடுப்பது எங்ஙனம்? பின்னால் ஓர் அடி நகர்ந்தால் முதுகில் வால்வு இடிக்கும். பகலொளி ஒரு துளியும் இல்லை. விளக்குக் குமிழைப் பளிச்சிட்டால் நூறு கண்ணாடி முகங்களும் மெருகேறிய உலோகமும் அவ்வொளியைத் திருப்பி அடிக்கும். முகம் வெளுத்து, மற்றவை கறுத்துவிடும். வேலையை நிறுத்திவிட்டு நில் என்று சொல்லவும் இயலாது. சொன்னால் அது வேலை செய்பவனின் படமாகாது. இரகசியக் கருவி ஏதேனும் ஓரத்தில் விழுந்துவிட்டால் தணிக்கையாளர் படத்தையே ஒதுக்கி விடுவர். ஆகவே படமெடுப்பவர் செய்யத்தக்கது ஒன்றே. காமிராவோடு ஒரு மூலையில் ஒடுங்கி, அவர்கள் தம்மை மறக்கும் வரை காத்திருக்க வேண்டும். தம் முன் இருப்பது காமிரா என்பதை மறந்த மனிதனின் முகம் எளிதில் கிட்டுவதன்று.

கிட்டிய படங்கள் இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, எவரும் பார்க்கலாம். டார்ப்பீடோவுக்கு மேலே படுத்திருக்கும் மாலுமிகள். எந்திரத்தின் அருகே நிற்கும் மெக்கானிக். தத்தம் இடங்களில் வேலையில் ஆழ்ந்தவர்கள். வீரத் தோற்றம் எதுவும் இல்லை. முகங்களைப் பார்த்தால் பெரும்பாலோர் இருபதைத் தாண்டிச் சில ஆண்டே ஆனவர் என்பது புலனாகும். நம் வீட்டுப் பிள்ளை இரவு முறை முடித்து வந்து பனியனோடு படுத்துவிட்டால் எப்படித் தோன்றுவானோ அப்படியே தோன்றுகின்றனர். படுக்கைக்குக் கீழே இருப்பது வெடிமருந்து என்பதே வேறுபாடு.

சீரோ போர் முடிந்து மீண்டது. ஆனால் அதே நியூ லண்டன் தளத்திலிருந்து சில வாரங்களில் புறப்பட்ட கேப்பலின் என்னும் நீர்மூழ்கி, நவம்பர் 17ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தை நீங்கியது. டிசம்பர் தொடக்கத்திற்குப் பின் அதை எவரும் காணவில்லை. எழுபதுக்கு மேற்பட்டோர் அதனோடு மறைந்தனர். அந்தப் போரில் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 52. மாண்டோர் 3,500க்கு மேல். நீர்மூழ்கியின் மரணத்தில் சாட்சி இல்லை; கல்லறை இல்லை. எங்கே, எப்போது என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியாது. நம் நாட்டில் 1967 டிசம்பர் 8 அன்று கல்வரி என்னும் முதல் நீர்மூழ்கி கடற்படையில் சேர்ந்தது. 2013 ஆகஸ்டில் மும்பைத் துறைமுகத்தில் சிந்துரட்சக் வெடித்து மூழ்கியபோது 18 பேர் உயிர்நீத்தனர். அப்போதும் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது கப்பலின் படமே. உள்ளே அவர்கள் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதை அவர்தம் பெற்றோர்கூடக் கண்டிருப்பாரோ, அறியேன்.

ஸ்டைக்கன் பிறரை அனுப்பிவிட்டு மேசையில் அமர்ந்திருந்தவர் அல்லர். 1943 நவம்பரில் லெக்சிங்டன் என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் தாமே ஏறினார். வயது 64. இரைச்சல் மிகுந்த மேற்றளத்தில் இளைஞரோடு இளைஞராக ஓடினார். புறப்படும் விமானத்தை அசையாமல் நிற்பது போலப் படமெடுப்பது எல்லாரும் செய்வது. அவர் வேண்டுமென்றே நேரத்தை நீட்டி, விமானம் கலங்கிப் பாயும் வேகமாகவே பதிவாகுமாறு எடுத்தார். டிசம்பர் 4ஆம் நாள் இரவு, குவாஜலின் தீவருகே ஜப்பானிய டார்ப்பீடோ ஒன்று கப்பலின் பின்புறத்தைத் தாக்கியது. ஒன்பது பேர் மாண்டனர், சுக்கான் சிக்கிக்கொண்டது. நிலவொளியில் எதிரி விமானங்கள் சுற்ற, கப்பல் வட்டமடித்தது. கீழே மாலுமிகள் பாடுபட்டுச் சுக்கானைச் சரிசெய்ய, கப்பல் பெர்ல் துறைமுகம் வந்து சேர்ந்தது. அந்நாட்களை 1947இல் ஒரு நூலாக எழுதினார். அவர் மேற்பார்வையில் உருவான கப்பல் வாழ்க்கைத் திரைப்படத்திற்கு 1945இல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

1945இல் ஐவோ ஜீமா தீவில் இறங்கினார். அங்கே இடிபாட்டு மண்ணுக்குள்ளிருந்து ஒரு ஜப்பானியப் போர்வீரனின் விரல்கள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. அதைப் படமெடுத்தார். எதிரி என்பதற்கு அந்த விரல்களில் யாதோர் அடையாளமும் இல்லை.

கேப்டன் பதவியோடு விடுபட்டவர், 1947இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தின் புகைப்படத் துறைக்கு இயக்குநரானார். போர்க்காலத்தில் இருமுறை போர்ப் படக் கண்காட்சிகள் அமைத்திருந்தார். 1951இல் கொரியப் போரைப் பற்றியும் அமைத்தார். மக்கள் திரளாக வந்தனர். கண் கலங்கினர். பிறகு வெளியே சென்று விருந்துண்டனர். போர் நிற்கவில்லை. தம் முயற்சி தோற்றது என்று அவரே கூறினார். கொடுமையைக் காட்டினால் மனிதன் போரை வெறுப்பான் என்று தாம் நம்பியது பிழை. அவன் எதை இழக்கிறான் என்பதைக் காட்டியிருக்க வேண்டும் என்பது முதுமையில் அவர் கண்ட முடிவு. அவர் தம்மை மிகக் கடுமையாகத் தண்டித்துக்கொண்டார் என்றே நான் எண்ணுகிறேன். டார்ப்பீடோவின் மேல் உறங்கும் சிறுவன் அவன் இழக்கப் போவதையும் சேர்த்தே காட்டுகிறான். ஆயினும் அப்படங்கள் ஆள் சேர்க்கவும் உதவின என்பதை மறுக்கவியலாது. அந்த முள் அவர் நெஞ்சில் தைத்திருக்கக்கூடும்.

புதிய முயற்சியே மனிதக் குடும்பம் என்னும் கண்காட்சி. வெயின் மில்லர் துணைநின்றார். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைப் பார்த்து 503ஐத் தேர்ந்தெடுத்தனர். 68 நாடுகளின் படங்கள். எடுத்தோர் 273 பேர். காதல், மகப்பேறு, உழைப்பு, விளையாட்டு, பசி, சாவு என்று அவை வரிசையாகச் சென்றன. நம் சத்யஜித் ராயின் படமும் அவற்றுள் ஒன்று. ஹைட்ரஜன் குண்டின் வெடிப்பு பெரிய வண்ணப் படமாக நின்றது. அதைக் கடந்து சென்றால் இறுதியில், இருண்ட மரச்செறிவிலிருந்து வெளிச்சத்தை நோக்கி நடக்கும் இரு குழந்தைகள். அதை எடுத்தவர் வேறு யாருமல்லர். கடற்படை தள்ளிவிட்ட அந்த யூஜீன் ஸ்மித்தான். அவர் பத்திரிகை வாயிலாகப் போருக்குச் சென்று, 1945இல் ஓகினாவாவில் படுகாயமுற்று, பலமுறை அறுவை சிகிச்சை பெற்றுக் காமிராவைத் தொடாதிருந்து, மீண்டும் தொட்டபோது தம் குழந்தைகளையே எடுத்த படம் அது.

1955 சனவரி 24 அன்று நியூயார்க்கில் திறந்த இக்கண்காட்சி பின்னர் உலகைச் சுற்றியது. ஏறத்தாழ 90 லட்சம் பேர் கண்டனர். 1956இல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் தொடங்கி நம் நாட்டிலும் தில்லி, கல்கத்தா, சென்னை, திருவனந்தபுரம் முதலிய நகரங்களுக்கு வந்தது. நம் காலனியின் பெரியவர்களுள் எவரேனும் பிள்ளைப் பருவத்தில் பெற்றோர் கைப்பிடித்துச் சென்று கண்டிருப்பின் சங்கத்தில் வந்து சொல்லுமாறு வேண்டுகிறேன். வறுமையையும் வேற்றுமையையும் இனிப்புப் பூசி மறைக்கிறது என்று அக்கண்காட்சியைக் குறை கூறிய அறிஞர்களும் உளர். குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கடை மாடியில் தாயார் சொன்ன சொல்லை அறுபது ஆண்டு சுமந்து வந்து சுவரில் மாட்டியவரிடம் வேறெதை எதிர்பார்க்க இயலும்?

1962இல் ஓய்வு பெற்றார். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் தம் பண்ணைக் குளத்தருகே நின்ற ஒரு சிறு மரத்தையே எல்லாப் பருவங்களிலும் மீண்டும் மீண்டும் படமெடுத்துக் கொண்டிருந்தார். 1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், 94ஆம் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னர் மறைந்தார்.

மனிதக் குடும்பம் தாம் பிறந்த நாட்டில் நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். லக்ஸம்பர்க்கின் வடபகுதியில் கிளெர்வோ என்னும் ஊரில் ஒரு பழங்கோட்டை உண்டு. 1944 டிசம்பரில் நடந்த போரில் அது எரிந்து வீழ்ந்தது. பின்னர் மீண்டும் கட்டினர். 1994 முதல் அப்படங்கள் அங்கே நிலையாக வைக்கப்பட்டுள்ளன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம் பெற்றன. தலைநகரிலிருந்து கிளெர்வோவுக்கு ரயில் போகிறது. 2020 முதல் அந்நாட்டில் இரண்டாம் வகுப்புக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.